மலையேற்றத்துக்கு ட்ரெக்கிங் கோல் வேண்டுமா? முடிவெடுப்பது முதல் இறங்கி முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

மலை ஏறுவதற்கு உதவும் என்றுதான் பெரும்பாலானோர் ட்ரெக்கிங் கோல் வாங்குகிறார்கள். கொடுத்த காசுக்கு அது வேலை செய்வது இறங்கும்போதுதான்.

பாதையில் நீண்ட இறக்கம் இருந்தால் கோல் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஜோடியாக. கையால் பாறையைப் பிடித்து ஏற வேண்டிய இடமும் நடுவில் வருமானால், மடக்கிப் பையில் போடக்கூடிய கோலாக இருக்கட்டும். இரண்டு மணி நேரச் சமதள நடைக்கு அது வீட்டிலேயே இருக்கலாம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். கடைக்குப் போவது நான்காவதாகத்தான் வருகிறது. முதல் மூன்றை முடிக்காமல் வாங்குகிறவர்களின் கோல்தான் பரணில் கிடக்கிறது.

1. பாதையை விசாரியுங்கள்

எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. தேயிலைத் தோட்டத்து ஜீப் வழியில் 12 கி.மீ. நடக்கக் கோல் வெறும் சுமை. மூன்றே கி.மீ. என்றாலும் உயரமான கற்படிகளில் இறங்குவது முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

வழிகாட்டியிடமோ ஏற்கெனவே போய் வந்தவர்களிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். மொத்தம் எத்தனை மீட்டர் உயரம் இறங்க வேண்டும்? தரை மண்ணா, கல்லா, படியா? கையால் பிடித்து ஏறும் இடம் எங்கே வருகிறது, எவ்வளவு தூரம்? ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் கோல் கட்டாயம் என்பது என் கணக்கு.

கோவைக்கு மேற்கே, ஏழு மலைகள் ஏறிப் போகும் வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மலையின் செங்குத்தான கற்படிகள் ஒன்றுக்கொன்று உயரத்தில் ஒத்துப்போவதில்லை. கடைசி மலையைத் தொட்டுவிட்டுக் களைத்த கால்களோடு அதே படிகளில்தான் இறங்கியாக வேண்டும். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பதற்குக் காரணமே அதுதான். இலங்கையில் சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாகப் போனால் ஏறத்தாழ 5,500 படிகள். உச்சி 2,243 மீட்டர். அங்கும் கோல் இருந்தால் மறுநாள் நடக்க முடியும்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை வேறு கதை. கடப்பாறைப் படிகளில் சங்கிலியைப் பிடித்து ஏற இரண்டு கையும் வேண்டும். கையில் கோல் தொங்கினால் ஆபத்து. அகத்தியமலையின் கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏறும்போதும் அப்படித்தான்.

தமிழ்நாடு வனத்துறை 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவை மட்டும் வைத்துக் கோலை முடிவு செய்ய வேண்டாம். 'மிதம்' என்ற பாதையிலும் மழைக்குப் பின் வழுக்கும் செம்மண் இறக்கம் இருக்கலாம்.

2. உங்கள் உடம்பைக் கேளுங்கள்

இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடை முழுவதும் முன்காலில் விழுகிறது. அதைத் தாங்கி நிறுத்துவது தொடையின் முன் தசைகள். அவை களைத்ததும் மூட்டு அடி வாங்கத் தொடங்குகிறது. கோல் அந்த எடையில் ஒரு பங்கைக் கைக்கும் தோளுக்கும் மாற்றிவிடுகிறது. 25 பாகைச் சரிவில் இறங்குகிறவர்களை அளந்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கோல் ஊன்றும்போது முழங்கால் மூட்டின் மீதான விசைகள் 12 முதல் 25 விழுக்காடு வரை குறைந்தன. ஒரு நாள் இறக்கத்தில் ஆயிரக்கணக்கான அடிகள் வைக்கிறோம் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

எனவே முழங்கால் வலி உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், எட்டு கிலோவுக்கு மேல் முதுகில் சுமப்பவர்கள் எல்லோரும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மூட்டில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மலைக்கே கிளம்ப வேண்டும். கோல் அதற்கு மாற்று இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. கையும் வேலை செய்வதால் இதயத் துடிப்பு சற்று ஏறும். எப்போதும் கோலோடு நடந்தே பழகினால் கால் தானாகச் சமநிலை பிடிக்கும் திறன் மங்கும். இதைப் பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவே எச்சரித்திருக்கிறது. அதனால் இளவயதினரும் சிறுவர்களும் எளிய பாதைகளில் வெறுங்கையோடு நடப்பதே நல்லது. நீண்ட இறக்கம், கனமான பை, இந்த இரண்டுக்கும் மட்டும் கோலை ஒதுக்கி வையுங்கள். மணிக்கட்டிலோ தோளிலோ ஏற்கெனவே வலி உள்ளவர்கள் ஒரு மணி நேரம் நடந்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

3. ஒன்றா, இரண்டா?

இரண்டு. ஒற்றைக் கோல் ஒரு பக்கத்தை மட்டும் தாங்கும். மறு முழங்கால் பழைய அடியையே வாங்கும். நெடுநேரம் ஒரே பக்கம் சாய்ந்து நடப்பதால் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதைக் குடும்பங்களில் நிறையப் பார்க்கலாம். அப்படிச் செய்யும்போது இரண்டு பேருக்கும் அரைப் பயன்தான். இரண்டையும் முழங்கால் பலவீனமானவரிடம் கொடுங்கள். கடினமான இறக்கம் வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூங்கில் தடிக்கு மட்டும் விதிவிலக்கு. நெஞ்சு உயரத்துக்கு இருப்பதால் ஏறும்போது கையைக் கீழே இறக்கியும், இறங்கும்போது மேலே ஏற்றியும் பிடிக்கலாம். செங்குத்தான படியில் இரண்டு கையாலும் பற்றி முழு எடையையும் அதன் மேல் போடலாம். உலோகக் கோலில் அந்தத் துணிச்சல் கூடாது. எடுக்கும்போது கல்மூங்கிலாகப் பாருங்கள், உள்ளே கெட்டியாக இருக்கும். அடிமுனை கணுவை ஒட்டி வெட்டப்பட்டிருக்க வேண்டும். கணுவுக்கு வெகு கீழே வெட்டிய தடி கல்லில் இடித்து இடித்து அடியில் பிளந்துவிடும். நெடுக்காகக் கீறல் ஓடும் தடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். திரும்பி வந்ததும் காட்டுக்குள் வீசாமல் அடிவாரத்தில் ஏறப்போகும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

4. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

குழாய்: நம் மலைகளுக்கு அலுமினியமே போதும். ஜோடி 450 முதல் 600 கிராம் இருக்கும். கார்பன் ஃபைபர் ஜோடி 100, 150 கிராம் குறைவு, விலை அதிகம். பாறை இடுக்கில் மாட்டிப் பக்கவாட்டில் விசை விழுந்தால் அலுமினியம் வளையும்; கார்பன் பட்டென்று முறியும். வளைந்த கோலை ஊன்றி மீதித் தூரம் இறங்கிவிடலாம், முறிந்ததை ஊன்ற முடியாது.

பூட்டு: வெளியே தெரியும் லீவர் லாக் வகையை எடுங்கள். உள்ளே திருகி இறுக்கும் ட்விஸ்ட் லாக், மழையிலும் மணலிலும் வழுக்கத் தொடங்கினால் பாதையில் வைத்துச் சரிசெய்வது கஷ்டம். லீவர் லாக்கில் ஒரு திருகாணி இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்கினால் போதும். மூன்றாக மடியும் வகை 35, 40 செ.மீ.க்குச் சுருங்கிப் பைக்குள்ளேயே போய்விடும். பர்வதமலை மாதிரி இடங்களுக்கு அதுதான் வசதி. ஆனால் அதில் சில மாடல்களின் உயரத்தை மாற்றவே முடியாது; கடையில் விரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பிடி: வியர்க்கும் ஊருக்குக் கார்க் நல்லது, அடுத்தது ஃபோம். கெட்டி ரப்பர் பிடி குளிர் நாடுகளுக்கானது. நம் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம் கண்டுவிடும். பிடிக்குக் கீழேயும் ஒரு சாண் நீளத்துக்கு ஃபோம் ஓடுகிறதா பாருங்கள். அதன் பயன் ஒன்பதாவது பகுதியில் தெரியும்.

முனை: கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளில் செய்த முனை, அதன் மேல் மாட்ட ரப்பர் மூடி, சேற்றில் புதையாமல் இருக்கச் சிறிய வட்டத் தட்டு. இந்த மூன்றும் வேண்டும். ரப்பர் மூடி ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள், அதுதான் முதலில் தொலைகிறது.

"ஷாக் அப்சார்பர்" என்று உள்ளே ஸ்பிரிங் வைத்து விற்பதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஊன்றும்போது அது அமுங்குவதால் கோல் எங்கே நிற்கும் என்று கைக்குத் துல்லியமாகத் தெரியாமல் போகிறது.

5. இரண்டு கையையும் காலி செய்யுங்கள்

புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்தப் படியைத்தான். கோல் வாங்கியாகிவிட்டது, ஆனால் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் செல்போன் டார்ச். பிறகு கோலை எந்தக் கையில் பிடிப்பது?

இரவில் ஏறுகிறவர்கள் தலையில் மாட்டும் ஹெட் டார்ச் வாங்குங்கள். வெள்ளியங்கிரியில் இரவெல்லாம் ஏறி விடியலில் மேலே சேர்கிறவர்கள் அதிகம், அவர்களுக்கு இது கோலை விட அவசரம். தண்ணீர் பையின் பக்கப் பாக்கெட்டில் இருக்கட்டும். கைப்பிடிப் பை, தோளில் ஒருபக்கம் தொங்கும் பை இரண்டும் வேண்டாம். குனியும்போது முன்னால் சரிந்து ஆளையும் இழுக்கும்.

பையில் சின்னச் சாமான்கள் நான்கு: பழைய துணி ஒன்று, லீவர் திருகாணிக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர், கூடுதல் ரப்பர் மூடி, கோலின் மேல்பாகத்திலேயே சுற்றி வைத்த ஒரு மீட்டர் துணி டேப். டேப் எதற்கு என்று பழுது பகுதியில் சொல்கிறேன்.

ரயிலிலும் பஸ்ஸிலும் சிக்கல் இல்லை. விமானத்தில் போகிறவர்கள் செக்-இன் பையில் போட்டுவிடுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

6. உயரம் வையுங்கள், ஷூ போட்ட பிறகு

வீட்டில் வெறுங்காலோடு அளந்தால் ஷூவின் அடித்தடிப்பு அளவுக்குக் கோல் குட்டையாகிவிடும். மலைக்குப் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு சமதரையில் நில்லுங்கள். கோல் முனையைப் பாதத்தின் பக்கத்தில் ஊன்றிப் பிடியைப் பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், முன்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும்.

தொடக்கக் கணக்கு வேண்டுமானால் உங்கள் உயரத்தை 0.68 ஆல் பெருக்குங்கள். 150 செ.மீ. உயரத்துக்கு 102, 160-க்கு 109, 170-க்கு 116, 180-க்கு 122. கோலின் மேல் உள்ள கோடு பெரும்பாலும் ஐந்து ஐந்து செ.மீ.யாக இருக்கும்; பக்கத்துக் கோட்டுக்கு வைத்துவிட்டு முழங்கையைப் பார்த்துத் திருத்துங்கள்.

மூன்று துண்டுகளாக நீளும் கோலில் இரண்டு பூட்டுகள் இருக்கும். மேல் பூட்டை அதன் அளவுக்கோடுகளின் நடுவில் நிறுத்திவிட்டு, கீழ்ப் பூட்டால் உங்கள் உயரத்தைக் கொண்டுவாருங்கள். பாதையில் கூட்டவும் குறைக்கவும் மேல் பூட்டு மட்டும் போதும். ஒவ்வொரு முறையும் குனிந்து சேறு படிந்த கீழ்ப் பூட்டைத் தொட வேண்டியதில்லை.

'ஸ்டாப்' என்று எழுதிய கோட்டைத் தாண்டி இழுக்கவே கூடாது. உள்துண்டு போதிய ஆழத்தில் இல்லாவிட்டால் எடை விழும்போது குழாய் வாய்ப்பக்கத்திலேயே முறியும்.

கடைசியாகச் சோதனை. கோலை ஊன்றி, இரண்டு உள்ளங்கையையும் பிடி மேல் வைத்து மெல்ல எடையை இறக்குங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கக் கூடாது. இறங்கினால் லீவரைத் திறந்து, திருகாணியைக் கால் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். லீவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் சற்று எதிர்ப்போடு மூட வேண்டும். கல்லால் தட்டி மூடும் அளவுக்கு இறுக்கினால் குழாய் நசுங்கும்.

7. வாருக்குள் கையை நுழைப்பது

பிடியின் தலையில் தொங்கும் பட்டை வளையம்தான் வார். அதற்குள் கையை மேலிருந்து கீழாக, வளையல் போடுவது மாதிரி நுழைக்கிறவர்களே அதிகம். அப்படிப் போட்டால் வார் அலங்காரத்துக்குத்தான். எடை முழுவதையும் விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அரை நாளில் முன்கை கடுக்கும்.

வாரைத் தொங்கவிட்டு, கையைக் கீழிருந்து மேலாக வளையத்துக்குள் விடுங்கள். பிறகு கையை அப்படியே கீழே இறக்கி, வாரையும் பிடியையும் சேர்த்துப் பற்றுங்கள். வாரின் இரண்டு பட்டைகளும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்து, மணிக்கட்டின் பின்புறம் வார் படிந்திருக்க வேண்டும். இப்போது எடை மணிக்கட்டின் வழியாக வாரில் இறங்கும். விரல்கள் தளர்வாக இருந்தாலே போதும். விரலைத் திறந்து பாருங்கள்: கோல் விழாமல் தொங்கினால் வாரின் நீளம் சரி.

8. சமதளத்தில் பத்து நிமிடம் பழகுங்கள்

மலையடிவாரத்தில் முதன்முறையாகக் கோலை விரிக்காதீர்கள். தெருவிலோ பூங்காவிலோ ஒரு வாரம் முன்னால் இதைச் செய்யுங்கள்.

முதலில் இரண்டு கோலையும் ஊன்றாமல் தரையில் இழுத்துக்கொண்டே சும்மா நடங்கள். கை வழக்கம்போல் வீசட்டும். சிறிது தூரத்தில் வலது கை முன்னே போகும்போது இடது கால் முன்னே போவதைக் கவனிப்பீர்கள். அந்த வீச்சிலேயே முனை தரையைத் தொடட்டும். யோசித்து யோசித்து ஊன்றினால் வலது கையும் வலது காலும் ஒன்றாகப் போகும். அப்படி ஆனால் நின்று, மறுபடி இழுத்து நடப்பதிலிருந்து தொடங்குங்கள்.

முனை பாதத்துக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ சாய்வாக விழ வேண்டும். முன்னால் தள்ளி ஊன்றினால் ஒவ்வோர் அடிக்கும் பிரேக் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

9. ஏற்றத்தில்

மேல் பூட்டைத் திறந்து 5 செ.மீ. குறையுங்கள், செங்குத்தாக இருந்தால் 10. குறைக்காவிட்டால் கை தோள் மட்டத்துக்கு மேலே போய், தோள்பட்டை வீணாகக் களைக்கும்.

முனையை உடம்புக்கு முன்னால் எட்டி ஊன்றி அதைப் பிடித்து இழுத்து ஏறுவதுதான் இங்கே வழக்கமான பிழை. இழுக்கும் சிறுதசைகள் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பின்காலுக்கு நேரே ஊன்றி, கீழ்நோக்கித் தள்ளி ஏறுங்கள். உயரமான படியில் இரண்டு கோலையும் நிற்கும் படியிலேயே ஊன்றி, ஒருசேரத் தள்ளி, காலை எடுத்து வையுங்கள்.

ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தால் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்க முடியாது. பிடிக்குக் கீழே ஓடும் ஃபோமைப் பிடியுங்கள், ஏற்றம் முடிந்ததும் கையை மேலே கொண்டுபோங்கள். வாருக்குள் கை இல்லாதபோதுதான் இது முடியும்.

10. இறக்கத்தில்

அவசரப்படாமல் நின்று, உயரத்தை 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். உச்சியிலேயே இதைச் செய்துவிட வேண்டும். பாதி இறங்கி முழங்கால் வலித்த பிறகு கோலை எடுப்பவர்களுக்கு அது பாதிப் பயனே தரும், களைத்த தசை அன்றைக்குத் திரும்பாது.

படியில் இறங்கும் வரிசை இது. இரண்டு முனைகளும் முதலில் அடுத்த படிக்குப் போக வேண்டும். தோள் அகலத்துக்கு விலகி, படியின் விளிம்பில் இல்லாமல் உட்பக்கமாக. முழங்கையைச் சற்று மடக்கி வையுங்கள். கை எடையை வாங்கிக்கொண்டதை உணர்ந்த பிறகு ஒரு காலை மெல்ல இறக்குங்கள், முன்பாதம் தொட்டு, குதிகால் படிந்து, முழங்கால் இலேசாக மடங்கியபடி. அந்தக் கால் நிலைத்ததும் அடுத்த கால். அதன் பிறகே கோல் நகரும்.

காலும் கோலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டால் பயன் இல்லை. கால் அடி வாங்கிய பிறகு வரும் கோல் எதைத் தாங்கும்? "டக்" என்ற கோல் சத்தம் முதலில், அதன் பின் ஷூ சத்தம். இதைக் காதால் கேட்டே சரிபார்க்கலாம்.

எவ்வளவு முன்னால் ஊன்றுவது? கை நீட்டாமல் எட்டும் தூரம்தான். இரண்டு படி தள்ளி ஊன்றினால் உடம்பு முன்னால் சாயும், முனை வழுக்கினால் முகம் குப்புற விழுவீர்கள். இறக்கத்தில் கோலோடு விழுகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். எட்டவில்லை என்றால் கோலை நீட்டுங்கள், இல்லையேல் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள், குனியாதீர்கள்.

மிகச் செங்குத்தான இடத்தில் வாரை விட்டு, உள்ளங்கையைப் பிடியின் உருண்டைத் தலை மேல் வைத்து அழுத்தலாம். அதுவே சில செ.மீ. நீளம் கொடுக்கும், மணிக்கட்டும் வளையாது.

முழு எடையையும் கோலில் போடக் கூடாது. எந்த நொடியில் முனை வழுக்கினாலும் காலால் நிற்க முடிகிற அளவுக்கே சாயுங்கள்.

ரப்பர் மூடி எப்போது? காய்ந்த பாறை, சிமென்ட் படி, தார் வழி இவற்றில் மாட்டுங்கள். பழைய கோயில் படிகளில் கட்டாயம் மாட்டுங்கள். கார்பைடு முனை கல்லில் வெள்ளைக் கீறல் போடும், பல ஆயிரம் பேர் நடக்கும் வழியில் அது அப்படியே தங்கிவிடும். மண்ணிலும் சேற்றிலும் மூடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள், சேறு அதை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். பாசி படிந்த ஈரப்பாறையில் ரப்பர் வழுக்கும். அங்கே வெறும் முனையைப் பாறையின் வெடிப்பிலோ குழியிலோ ஊன்றுங்கள், மொழுமொழுவென்ற முகப்பில் வேண்டாம்.

11. பக்கச் சரிவும் ஓடையும்

மலையின் விலாவில் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் மேட்டுப்பக்கக் கோலைக் குறையுங்கள், பள்ளத்துப்பக்கக் கோலை நீட்டுங்கள். பள்ளத்துப் பக்கம் ஊன்றும் முன் அது பாதையின் கெட்டித் தரையா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புல்லா என்று பாருங்கள். சோலைக்காட்டு ஓரங்களில் புல் மூடிய விளிம்புக்குக் கீழே ஒன்றுமே இருக்காது.

ஓடையைக் கடக்கும் முன் செய்ய வேண்டியது இரண்டு: வாரிலிருந்து கையை எடுப்பது, பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்ப்பது. விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, பக்கவாட்டில் நகருங்கள். இரண்டு கால், இரண்டு கோல் என நான்கில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் நகர்த்த வேண்டும். கால் வைக்கும் முன் கோலால் ஆழம் பாருங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் கோலை நம்பி இறங்க வேண்டாம்; மேலே பெய்த மழை வடியும்வரை காத்திருங்கள் அல்லது திரும்புங்கள்.

12. மடக்கி வைக்க வேண்டிய இடங்கள்

ஏணி, சங்கிலி, கயிறு, கையால் பற்றும் பாறை: இவை தொடங்கும் முன்பே நின்று மடக்குங்கள். மணிக்கட்டில் தொங்கவிட்டு ஏறுவது கூடாது. தொங்கும் கோல் காலுக்குள் மாட்டும், கீழே வருபவர் முகத்திலும் படும்.

பையில் செங்குத்தாக, முனை கீழே இருக்கும்படி கட்டுங்கள். குறுக்கே வைத்தால் குறுகிய வழியில் மரத்திலும் ஆளிலும் இடிக்கும்.

வேர் பின்னிய தரை, கற்குவியல், பாறை இடுக்கு உள்ள இடங்களில் கோல் கையில் இருக்கலாம், வார் மட்டும் வேண்டாம். முனை மாட்டிக்கொண்டு நீங்கள் முன்னே போய்விட்டால் கையை விட முடிய வேண்டும். வாரோடு விழுந்தால் கட்டைவிரலின் அடி மூட்டு பின்னால் மடங்கித் தசைநார் கிழியும்.

13. கூட வருபவர்களும் காட்டு விலங்கும்

கூட்டமான படிகளில் பின்னால் வீசும் முனை, பின்னால் ஏறி வருபவரின் கண் மட்டத்துக்கு வரும். இரண்டு மூன்று படி இடைவெளி விடுங்கள். நெரிசல் கூடினால் ஒரு கோலை மடக்கிவிடுங்கள்.

யானை நடமாடும் காட்டில் முனைக்கு ரப்பர் மூடி போட்டு, வனத்துறை வழிகாட்டியின் பின்னால் சத்தமின்றி நடக்க வேண்டும். எந்த விலங்கின் முன்னாலும் கோலை உயர்த்தி ஆட்டக் கூடாது; புதருக்குள் குத்திப் பார்ப்பதும் கூடாது. பாம்பு கண்டால் நின்று, அது போக வழி விடுங்கள். கோலால் தள்ளுகிற அளவுக்கு அதன் அருகில் இருந்தால் அது உங்களைத் தொடும் தூரத்திலும் இருக்கிறீர்கள்.

மழைக்காலத்தில் ஓய்வெடுக்கும்போது கோலைச் சருகின் மேல் போடாமல் மரத்தில் சாய்த்து வையுங்கள். எடுக்கும் முன் பிடியையும் வாரையும் ஒருமுறை பாருங்கள், அட்டை ஏறியிருக்கும்.

14. பாதையில் பழுதானால்

பூட்டு வழுக்கினால் முதலில் துடையுங்கள். துண்டுகளைப் பிரித்து, உள்குழாயைக் காய்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். பாதிப் பிரச்சினை மணல்தான். அப்படியும் வழுக்கினால் திருகாணி. அதற்கும் அடங்காவிட்டால் அந்த மூட்டின் மேல் டேப்பை இறுக்கிச் சுற்றி நிலையான உயரமாக்கிவிடுங்கள்.

வளைந்த அலுமினியத்தை நேராக்க முயல வேண்டாம், இரண்டாம் முறை வளைக்கும்போது உலோகம் கிழியும். வளைவு வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்து, குறைந்த எடையோடு இறங்குங்கள். முறிந்துவிட்டால் கீழே கிடக்கும் உறுதியான குச்சி ஒன்றை முறிவின் இருபுறமும் ஒரு சாண் வரும்படி வைத்து டேப்பால் கட்டலாம். அது சமநிலைக்கு மட்டும் உதவும், எடை தாங்காது. நல்ல கோலை வலி உள்ள காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். வலிக்கும் கால் தரையைத் தொடும்போது எதிர்க் கைதான் இயல்பாக முன்னே வரும்.

15. வீடு வந்ததும்

மடக்கி அப்படியே மூலையில் வைப்பதுதான் கோலைக் கொல்லும் பிழை. மழையில் நனைந்த அலுமினியக் குழாய்க்குள் ஈரம் தங்கி வெள்ளைப் பொடி பூக்கும், அடுத்த முறை துண்டுகள் பிரியாது.

அன்றிரவே எல்லாத் துண்டுகளையும் கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் ஓர் இரவு காய வையுங்கள். எண்ணெயோ கிரீஸோ உள்ளே விடக் கூடாது. உராய்வில்தான் பூட்டு நிற்கிறது, எண்ணெய் பட்டால் நிற்காது. வாரைச் சோப்புத் தண்ணீரில் கசக்குங்கள், வியர்வை உப்பு காய்ந்தால் அடுத்த முறை மணிக்கட்டை அறுக்கும். லீவர்களைத் திறந்த நிலையில் வைத்தால் பிளாஸ்டிக் தளராது.

முனையை விரலால் தடவிப் பாருங்கள். கார்பைடின் கூர் விளிம்பு தேய்ந்து உருண்டையாகியிருந்தால் ஈரப்பாறையில் பிடிக்காது. முனையை மட்டும் தனியாக வாங்கலாம். கொதிநீரில் இரண்டு நிமிடம் பிடித்தால் பழைய முனையின் பிளாஸ்டிக் இளகும், இடுக்கியால் முறுக்கி இழுத்தால் கழன்று வரும். புதியதைச் செருகி, கட்டைப் பலகையின் மேல் நாலைந்து முறை ஓங்கி ஊன்றினால் இறுகிக்கொள்ளும்.